ஸ்காபரோப் பாடசாலைகளும் பெற்றோர் குரலும்

ரொறன்ரோவின் கிழக்கே பரந்து கிடக்கும் ஸ்காபரோவில் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள பாடசாலைகளின் வரலாறு தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் கல்வியைத் தீர்மானிப்போர் யார் என்ற வினாவும் அவ்வரலாற்றோடு பிணைந்ததே.

ஸ்காபரோ விவசாயக் கிராமங்களாக இருந்த காலத்தில், ஒவ்வொரு பாடசாலைப் பிரிவையும் அவ்வூரவர் தெரிவுசெய்த மூவர் நிர்வகித்தனர். ஆசிரியரை நியமிப்பதும் கட்டடத்தைப் பேணுவதும் அவர்களது பொறுப்பாயிருந்தன. 1922 இல் ஸ்காபரோ உயர்நிலைப் பாடசாலை திறக்கப்பட்டது. இன்று ஆர். எச். கிங் அக்கடமி என அழைக்கப்படுவது அதுவே. 1954 இல் மெட்ரோ ரொறன்ரோ அமைக்கப்பட்டபின் வயல்கள் குடியிருப்புகளாயின. பெருகிய மாணவர்களுக்காக ஸ்காபரோ கல்விச் சபை அடுத்தடுத்துப் பாடசாலைகளைக் கட்டியது.

1998 ஜனவரி முதலாம் திகதியுடன் அச்சபை இல்லாதொழிந்தது. ஸ்காபரோ உட்பட ஆறு உள்ளூர்ச் சபைகளும் மெட்ரோ பாடசாலைச் சபையும் ஒன்றாக்கப்பட்டு, கனடாவின் மிகப்பெரிய சபையான ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உருவாயிற்று. கல்வி வரியை நிர்ணயிக்கும் அதிகாரமும் மாகாண அரசைச் சென்றடைந்தது. 2025 ஜூனில் இப்பெரிய சபையையும் மாகாண அரசு ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் வைத்தது. ஊர்மக்கள் மூவரிடம் இருந்த அதிகாரம் இவ்வாறு படிப்படியாகப் பெற்றோரைவிட்டு விலகிச் சென்றுள்ளது.

ஆயினும் ஒன்ராறியோச் சட்டங்கள் எமக்கு அளித்துள்ள உரிமைகள் சிறியனவல்ல. குடிவரவு அனுமதி இல்லை என்ற காரணத்திற்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுத்தல் ஆகாது. பெற்றோரிடம் அனுமதி இல்லாவிடினும் இதுவே விதி. ஆரம்பப் பாடசாலை மாணவர் 25 பேரின் பெற்றோர் எழுத்தில் கோரினால், தமிழ் போன்ற தாய்மொழி வகுப்பைச் சபை நடத்துதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, ஒவ்வொரு பாடசாலையின் ஆலோசனைக் குழுவிலும் பெற்றோரே பெரும்பான்மையினர். பிள்ளை அங்கு கல்வி கற்றால் போதும். பெற்றோருக்குப் பிரஜாவுரிமை தேவையில்லை.

பாடசாலை விடயம் அதிபரின் பொறுப்பு என ஒதுங்கி நிற்பது எம்மிற் பலரது வழக்கம். இரண்டு வேலை பார்த்துக் களைத்து வருவோருக்கு மாலைநேரக் கூட்டம் சுமையே என்பதையும் நாம் அறிவோம். எனினும், பிள்ளையின் பாடசாலையில் பெற்றோருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை வெறுமையாக விடாது, ஒருமுறையேனும் சென்று அமர்ந்து பேசுமாறு எம்மவரை அன்புடன் வேண்டுகின்றோம்.