திருச்சபைப் பழம்படங்களில் பெயரற்றோரை அடையாளங்காணல்

முன்னுரை

மலாயா, சிங்கைத் தமிழ்க் கிறிஸ்துவர்களின் வரலாறு நூற்றாண்டைக் கடந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயம் 1888ஆம் ஆண்டிற்குரியது. இத்தகைய சபைகளின் பழம்படங்களைக் காணுந்தோறும் ஓர் உண்மை நமக்குப் புலப்படுகிறது. ஐரோப்பியக் குருவின் பெயர் படத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கும். அவரைச் சூழ்ந்து நிற்கும் உபதேசியாரும் பெண்களும் சிறுவரும் ‘தமிழ்ச் சபையார்’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டிருப்பர். அவர்களை அடையாளங்காணும் நெறிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலத்தை வரையறுத்தல்

முகங்களை ஆராயுமுன் படத்தின் காலத்தைக் கணித்தல் வேண்டும். தடித்த அட்டையில் ஒட்டிய மெல்லிய பழுப்புத் தாள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சுட்டும். முகவரிக்கும் செய்திக்கும் இடையே கோடிட்ட அஞ்சலட்டை முறை பிரிட்டனில் 1902இல் அனுமதிக்கப்பட்டது; இந்நாடுகளில் கிடைக்கும் அத்தகைய அட்டை அதற்கு முந்தியதாக இருத்தல் அரிது. எனினும் இது அச்சின் காலமே. படம் எடுத்த காலம் அதனினும் முந்தியதாகலாம்.

நிகழ்ச்சியும் துணைபுரியும். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் புதுநன்மை பெறும் வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தார். எனவே புதுநன்மைப் படத்திலுள்ள சிறுவரின் வயதும் ஒரு காலக்குறிப்பே. ஆயின் வழக்கம் ஒரே நாளில் மாறிவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பதிவேடும் வீட்டுப் பெயரும்

அடுத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை நோக்க வேண்டும். கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மணமக்களோடு சாட்சிகளின் பெயர்களும் இடம்பெறும். மணப்படத்தில் அருகில் நிற்போர் அவர்களாக இருக்கக்கூடும். இங்குப் பெயர்ச் சிக்கல் ஒன்றுண்டு. பழைய பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. ஏட்டில் ‘யோசேபுஸ்’ எனப்படுபவர் வீட்டில் சூசை, ‘பாவுலுஸ்’ சின்னப்பன், ‘பெத்ருஸ்’ இராயப்பன். இதனை அறியாதார் ஒருவரையே இருவராகக் கொள்வர்.

முதியோர் சான்று

முதியோரைத் தனித்தனியே வினவுதல் சாலச் சிறந்தது. கூட்டாக வினவினால் முதலில் எழும் குரலையே ஏனையோர் வழிமொழிவர். “இவர் இன்னாரா?” என்னாது “இவர் யார்?” என்றே கேட்டல் வேண்டும். ஒரு படத்தில் நிற்கும் பெண்ணை மூதாட்டி ஒருவர் தம் தாய் என்றார். அவர்தம் தங்கையோ பெரியம்மா என்றார். பதிவேட்டில் இவ்விரு சகோதரியரின் பெயர்களும் இருந்தமையால் ஐயம் தீரவில்லை. ஆகவே இரு கூற்றுகளையும், கூறியவர் பெயருடனும் நாளுடனும் பதிந்து, ‘ஐயத்திற்குரியது’ எனக் குறித்தோம். பிழையாகச் சூட்டிய பெயர் அடுத்த தலைமுறைக்கு ஆவணமாகிவிடும். அதனைப் பின்னர் நீக்குதல் கடினம்.

முடிவுரை

1942இல் பத்து வயதினராக இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். சயாம் இரயில் பாதைப் பணியில் 1942-43இல் மாண்ட தமிழ்த் தொழிலாளர் பலருக்குக் கல்லறையும் இல்லை. அவர்களுள் ஒருவருக்கு ஏதோ ஒரு சபைப் படமே எஞ்சிய சான்றாக இருக்கவும் கூடும். ஆதலின் ஒவ்வொரு சபையும் தன் படங்களை எண்ணிட்டுப் படியெடுத்து, மூலத்தின் மீது எதுவும் எழுதாது, மூத்தோரிடம் காட்டும் பணியை இவ்வாண்டே தொடங்குதல் நலம்.