உங்களுக்குத் தெரியுமா? நடுவில் ஒரு ஸ்விட்ச்!

வலங்கைமானில் வங்கிக் கிளைக்கோ இ-சேவை மையத்துக்கோ போனால், பச்சை விளக்குகள் மினுக்கும் சிறு பெட்டி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அதுதான் ஸ்விட்ச். ஒவ்வொரு கணினியின் கேபிளும் தனித்தனியே அதில் வந்து சேர்வதே நட்சத்திர அமைப்பு.

1973-இல் பிறந்த ஈதர்நெட் என்ற கணினி இணைப்பு முறை, தொடக்கத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே நீளக் கேபிளில் கோத்தது. எங்கோ ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் படுத்துவிடும்! 1990-இல் வந்த 10பேஸ்-டி தரம் நட்சத்திர அமைப்பைப் பரவலாக்கியது. இதில் எலி ஒரு கேபிளைக் கடித்தால் ஒரு கணினிதான் நிற்கும். ஆனால் ஸ்விட்ச் நின்றால், தலைப்பு மதகை மூடியதும் குடமுருட்டி ஆற்றின் வாய்க்கால்கள் வறள்வதுபோல எல்லாக் கணினிகளும் துண்டிக்கப்படும். ஆகவே யுபிஎஸ் மின்சாரம் ஸ்விட்சுக்கும் கட்டாயம் வேண்டும். செம்புக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் கண்ணாடி இழைதான்.