மறுப்பதற்கு இடம் தந்த யந்திரம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் யந்திரங்களைப் பற்றிச் சென்ற வாரம் கண்டோம். அவற்றுள் சிகிச்சைக்கே யோசனை கூற முன்வந்த கணினியை வைத்தியர்களும் தாதியரும் எவ்வாறு ஏற்றார்கள், எப்போது ஏற்க மறுத்தார்கள் என்பதை இவ்வாரம் பார்ப்போம். மறுத்தவர்களைப் பழமையில் ஊறியவர்கள் என்று தீர்ப்பளித்து விடுவது மிகச் சுலபம். ஆனால் நள்ளிரவில், நினைவிழந்து கிடக்கும் ஒருவருடைய உயிருக்குத் தாமே பொறுப்பாளி என்று நிற்பவர், காரணம் கூறாத ஒரு கட்டளைக்கு உடனே பணியாதிருப்பது குற்றமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரத்து எல்.டி.எஸ். மருத்துவமனையில், ஹோமர் வார்னர் என்ற இருதய வைத்தியர் 1960-களிலேயே ‘ஹெல்ப்’ என்னும் கணினி அமைப்பை உருவாக்கத் தொடங்கி, பரிசோதனை முடிவுகளைச் சேகரிப்பதோடு நில்லாமல் அவற்றை ஆராய்ந்து எச்சரிக்கை தரவும் அதைப் பழக்கியிருந்தார். அந்த அஸ்திவாரத்தின் மீதுதான், 1980-களின் பிற்பகுதியில், நுரையீரல் நிபுணரான ஆலன் மாரிஸும் அவருடைய சகாக்களும், ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கொடிய நுரையீரல் பாதிப்புக்கு ஆளானவர்களின் வென்டிலேட்டரை நடத்துவதற்கான விதிமுறைகளைக் கணினியில் அமைத்தார்கள். இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுசென்று கரியமில வாயுவை நீக்கும் ஒரு புதிய சிகிச்சையைச் சோதிப்பதே அவர்களுடைய நோக்கம். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பது அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும் அத்தகைய சோதனையில், மற்றப் பராமரிப்பு முழுவதும் இரு சாராருக்கும் ஒரே சீராக இருந்தாலன்றி ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை அல்லவா?

அந்தச் சீரைத் தேடப் புகுந்தபோதுதான் சிக்கலின் ஆழம் தெரிந்தது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது என்ற ஒரே முடிவைக் கண்டு, ஒருவர் பிராணவாயுவின் விகிதத்தை உயர்த்துவார். மற்றொருவர் மூச்சு வெளியேறியபின் நுரையீரலில் நிலைத்திருக்கும் அழுத்தத்தைக் கூட்டுவார். காலையில் ஒன்றைச் செய்தவரே களைத்துப்போன இரவில் வேறொன்றைச் செய்வதும் உண்டு. ஆகவே அவர்கள் கூடி விவாதித்து, முதலில் காகிதத்தில் விதிகளை எழுதி, பின்பு கணினிக்கு மாற்றி, கட்டிலருகே வைத்துப் பழகிப் பார்த்தார்கள். கணினி கூறிய யோசனையை நிறைவேற்றும் அதிகாரமும் நிராகரிக்கும் அதிகாரமும் பணியாளர் கையிலேயே இருந்தன. நிராகரித்தவர் சொன்ன காரணம் பொருத்தமானதாயின், திருத்தப்பட்டது மனிதரல்ல, விதிதான்! இந்த ஒரு ஏற்பாட்டில்தான் அவர்களுடைய வெற்றியின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஏனெனில் தம்முடைய ஆட்சேபம் நாளைய விதியாகக் கூடும் என்று அறிந்தவர், அந்த யந்திரத்தை அந்நியமாகக் கருதமாட்டார்.

1994-இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவு எதிர்பாராதது. சேர்ந்திருந்த 40 நோயாளிகளில், புதிய சிகிச்சை பெற்றவர்களுள் 33 சதவிகிதத்தினரும், விதிமுறையின்படி வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 42 சதவிகிதத்தினரும் பிழைத்தார்கள். புதியது மேலென்று நிரூபணமாகவில்லை. ஆனால் 1979-இல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வில் இத்தகைய நோயாளிகளில் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பதை நினைத்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இத்தனை பேர் மீண்டதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு, அவ்விதிமுறைகள் பத்து மருத்துவமனைகளில், 200 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, கணினி அளித்த 38,546 யோசனைகளில் 94 சதவிகிதம் பின்பற்றப்பட்டன. விதிமுறையின்றிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், பிழைத்தோர் எண்ணிக்கையில் வேறுபாடு தென்படவில்லையாயினும், நுரையீரல் அளவுமீறி விரிவதால் உண்டாகும் சேதம் குறைந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே நாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில் உண்டு. ‘சப்போர்ட்’ என்ற பெரிய ஆய்வில், ஐந்து போதனா மருத்துவமனைகளில், கடும் நோயுற்றவர் ஆறு மாதம் உயிர்வாழும் சாத்தியம் எவ்வளவு என்ற கணிப்பு வைத்தியர்களுக்கு அளிக்கப்பட்டது. நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற தாதியரும் நியமிக்கப்பட்டார்கள். 1995-இல் முடிவு வெளிவந்தபோது, சிகிச்சைப் போக்கில் எதிர்பார்த்த மாறுதல் ஒன்றுமே நிகழவில்லை என்று தெரிந்தது. கணிப்பு கையில் வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த மணி நேரத்தில் என்ன செய்வது என்பது மட்டும் வந்து சேரவில்லை.

நம் காலத்து உதாரணம் ஒன்றையும் கூறவேண்டும். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில், தொற்றின் விளைவாக உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நோயை முன்னதாக அறிய, 42,000-க்கு மேற்பட்ட உள்நோயாளிச் சேர்க்கைகளின் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட ஒரு செயலி, 2018 நவம்பரில் அவசரப் பிரிவில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரை ஏன் ஆபத்தில் இருப்பவராகக் கருதுகிறது என்று அதனால் விளக்கிச் சொல்ல இயலாது. அந்தக் குறையை நிரப்பியவர்கள், திரையைக் கவனித்து, அவசரப் பிரிவு வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பை ஏற்ற துரித உதவிக் குழுவின் தாதியரே. தாதி ஒருவர் வைத்தியரை அழைத்து, ‘இந்த நோயாளியைக் கவனியுங்கள்’ என்று கூறுவது, மருத்துவமனையின் பதவி வரிசையைச் சற்றே தலைகீழாக்கும் காரியம். மேடலின் கிளேர் எலிஷ், எலிசபெத் வாட்கின்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை அருகிருந்து ஆராய்ந்து, 2020-இல் விரிவாக எழுதினார்கள். அழைக்குமுன் நோயாளியின் குறிப்புகளைப் படித்துத் தயாராவது, வைத்தியருக்கு எந்த வேளை இடைஞ்சலில்லாதது என்று அறிவது, அவருடைய தன்மானம் புண்படாதவாறு சொற்களைத் தேர்வது ஆகிய இவ்வளவையும் யாரும் கற்பிக்காமலே அத்தாதியர் தாமாக வகுத்துக்கொண்டார்கள். அச்செயலிக்குக் கிடைத்த நற்பெயரில் அவர்களுக்கு உரிய பங்கு பெரிது. புதிய கருவியை வாங்கும் நிர்வாகங்கள் அந்த உழைப்புக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்க வேண்டும்.

(தொடரும்)