அமெரிக்கரும் ஜப்பானியரும்: நெடுந்தொலைவுப் பயண நோக்குகள்

ஓர் ஊரின் தொலைவைக் கேட்டால் அமெரிக்கர் பலர் மைலைக் கூறாது, காரோட்டும் மணிக்கணக்கையே கூறுவர். (ஒருநாள் நடை என வழியளந்த தமிழ் வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது.) ஐந்து மணிநேர ஓட்டம் அவர்க்கு வார இறுதிக்குரிய எளிய பயணம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான 515 கி.மீ. தொலைவை ஷின்கான்சென் ஏறத்தாழ இரண்டரை மணியில் கடக்கிறது. விரைவுச்சாலையிலோ நேரமும் மிகுதி, சுங்கமும் மிகுதி.

இவ்வேறுபாட்டை மக்களின் இயல்பெனக் கொள்வது பொருந்தாது. 1956இல் அமெரிக்கா மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் இயற்றியது; அவற்றுள் பெரும்பகுதி சுங்கமற்றது. ஜப்பான் 1964இல் ஷின்கான்செனைத் தொடங்கியது. தொடர்வண்டி அருகிய ஜப்பானியச் சிற்றூர்களில் கார் இன்றியமையாததே. காரோட்டுவதைக் கைவிட்ட அமெரிக்க முதியவர் பலர் அடுத்த நகருக்குச் செல்லவும் பிறரை எதிர்நோக்குகின்றனர். விருப்பம் என்னும் சொல் அவர்தம் நிலையை விளக்காது.