120 கிலோவுக்கான வழி 40 கிலோவில் தொடங்குகிறது

தேர்வு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை மாலை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றிருந்தேன். டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் பார்பெல்லை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கும் பயிற்சியில், அதுவரை நான் தூக்கிய அதிகபட்ச எடை 120 கிலோ. அன்று 125 கிலோவை மாட்டினேன். முந்தைய இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். நண்பர்கள் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள்.

பார்பெல் முழங்காலை எட்டுவதற்குள் என் முதுகு வில்லாக வளைந்தது. கீழ்முதுகில் சுளீரென்று ஒரு வலி. எடையை அப்படியே போட்டுவிட்டேன். கெ.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளான் வரை கொமுட்டர் ரயிலில் உட்காரவும் முடியாமல், நிமிர்ந்து நிற்கவும் முடியாமல், கம்பியைப் பிடித்தபடியே வீடு போய்ச் சேர்ந்தேன்.

எலும்புக்கோ நரம்புக்கோ பாதிப்பில்லை, தசைப்பிடிப்புதான் என்றார் மருத்துவர். படுத்தே கிடக்காமல், வலி தாங்கும் அளவுக்கு நடக்கச் சொன்னார். ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். கால்கள் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். மாணவர்களே, இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'பயிற்சி செய்தால் வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லி இவற்றைக் கடந்துவிடக் கூடாது.

இரண்டாவது தவறு

முதல் காயத்தைவிட எனக்கு அதிகப் பாடம் சொல்லிக் கொடுத்தது இரண்டாவது காயம். இரண்டு வாரங்களில் வலி குறைந்தது. மூன்றாவது வாரம், யாரிடமும் சொல்லாமல், '100 கிலோதானே, 120 தூக்கியவனுக்கு இது சாதாரணம்' என்று நினைத்துத் தூக்கினேன். மீண்டும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. இம்முறை காலணிக் கயிறு கட்டக்கூடக் குனிய முடியவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு எரிவாயுத் தோம்பு வந்தது. உள்ளே இருக்கும் வாயு மட்டும் 14 கிலோ. இரும்போடு சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டும். எப்போதும் அதைச் சமையலறைக்குக் கொண்டு போவது என் வேலை. அன்று அம்மா என்னைக் கூப்பிடவில்லை. அவரே அதைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 125 கிலோ தூக்கும் ஆசையில், 25 கிலோவுக்கே உதவாதவனாகிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலூர் வீரரின் 317 கிலோ

வீட்டில் முடங்கிக் கிடந்த நாள்களில், காயத்திலிருந்து மீண்டு வந்த பளுதூக்கும் வீரர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது தமிழகத்தின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தின் கதை. அவருடைய தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். அவரும் பளுதூக்கும் வீரர்தான். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ உடல் எடைப் பிரிவில், ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கி சதீஷ் தங்கம் வென்றார்.

அடுத்த காமன்வெல்த் போட்டிக்கு முன்னர், இந்தியாவின் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவரது தொடையின் முன்தசையில் காயம் ஏற்பட்டது. பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாமல் இருந்ததாக அவரே பின்னர் கூறினார். முழு உடல்தகுதி இல்லாத நிலையில்தான் 2018இல் கோல்ட் கோஸ்ட் போட்டியில் இறங்கினார். அன்று அவர் தூக்கியது 144, 173, மொத்தம் 317 கிலோ. இங்கிலாந்தின் ஜேக் ஆலிவர் 312 கிலோவுடன் இரண்டாம் இடம் பெற்றார். தங்கம் உறுதியானதால் சதீஷுக்குக் கடைசி முயற்சி தேவைப்படவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு. தன்னைக் காயப்படுத்திய 194 கிலோவுக்கு அவர் அன்று திரும்பிப் போகவில்லை. அன்றைய உடலால் எவ்வளவு முடியுமோ, அன்றைய போட்டிக்கு எவ்வளவு தேவையோ, அதை மட்டும் தூக்கினார். நானோ மூன்றாவது வாரத்திலேயே என் பழைய எண்ணைத் துரத்திக் கொண்டிருந்தேன்.

இந்திய வீராங்கனை மீராபாய் சானுவும் 2018இல் கீழ்முதுகு வலியால் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தவறவிட்டவர். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். இடையில் மூன்று ஆண்டுகள். எனக்கு மூன்று வாரம்கூடப் பொறுமை இல்லை.

பேனாவில் தொடங்கிய பயிற்சி

இயன்முறை சிகிச்சையாளரிடம் போனபோது அவர் என்னிடம் எடை எதையும் கொடுக்கவில்லை. தரையில் ஒரு பேனாவைப் போட்டு, "எடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். "முதுகாலதான் குனியிறீங்க. இடுப்பு அசையவே இல்லை" என்றார். என் தவறு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

டெட்லிஃப்டின் அடிப்படை இடுப்பு மடிப்பு. கதவை இடுப்பால் பின்னுக்குத் தள்ளி மூடுவதுபோல் இடுப்பு பின்னே போக வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும். இதைப் பழக ஒரு துடைப்பக் கட்டை போதும். அதை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்னந்தலை, மேல்முதுகு, இடுப்பின் பின்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் கட்டை ஒட்டியிருக்கும்படி குனியுங்கள். ஓரிடம் விலகினாலும் முதுகு வளைகிறது என்று பொருள். இரண்டு வாரங்கள் இதை மட்டுமே செய்தேன். பிறகு 10 கிலோ அரிசி மூட்டை. அதன் பிறகே பார்பெல்.

பார்பெல்லுக்குத் திரும்பும்போது உயரமும் முக்கியம். போட்டிகளில் பயன்படுத்தும் பெரிய தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் பார்பெல் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சிறிய இரும்புத் தட்டுகளை மாட்டினால் அது இன்னும் கீழே இறங்கிவிடும். குறைந்த எடைதான் என்றாலும் அதிகமாகக் குனிய நேரிடும். அதனால் இரு பக்கமும் கட்டைகளை வைத்து, பார்பெல்லை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி உயர்த்தித் தொடங்கினேன். வலி இல்லாமல் பழகப் பழகக் கட்டைகளின் உயரத்தைக் குறைத்தேன்.

தொடக்க எடை 40 கிலோ: பார்பெல் 20, இரு பக்கமும் பத்துப் பத்து. பக்கத்தில் என்னைவிட இளைய பையன்கள் 100 கிலோவைத் தூக்கிக் கொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டினால் 40இலிருந்து 120ஐ அடைய 32 வாரங்கள் ஆகும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்குதான் அவசரத்தை அடக்கியது.

எனக்கு உதவிய நான்கு விதிகள்

ஒன்று, வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 3க்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அதற்கு மேல் போனாலோ அடங்காவிட்டாலோ எடையைக் குறையுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். களைப்பு கூடும்போதுதான் முதுகு வளையத் தொடங்குகிறது.

மூன்று, நான்காவது வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள். தசை சீக்கிரம் பலம் பெறும்; தசைநாண்கள் பலம் பெற அதைவிட அதிகக் காலம் வேண்டும்.

நான்கு, தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி. எஸ்.பி.எம். தேர்வானாலும் பல்கலைக்கழகத் தேர்வானாலும், இரவு கண்விழித்த மறுநாள் அதிகபட்ச எடையைச் சோதிக்காதீர்கள்.

இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை தூக்கினால் உயரம் வளராது என்று பயமுறுத்துவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால், தகுதியுள்ள பயிற்றுநர் அருகில் இல்லாமல் தூக்க வேண்டாம். அதிகபட்ச எடைப் போட்டியும் இந்த வயதில் வேண்டாம். படிப்பையும் பளுவையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 52 கிலோ பிரிவில் 200 கிலோவுக்கும் மேல் டெட்லிஃப்ட் செய்து உலகச் சாதனை படைத்த மலேசிய வீராங்கனை ஃபர்ஹானா ஃபரிட் ஒரு மருந்தாளர்.

இப்போது

நான் மீண்டும் பார்பெல்லைத் தொட்டு பத்து மாதங்கள் ஆகின்றன. இடையில் தேர்வுகள், ஒரு காய்ச்சல், எடை கூட்டாத வாரங்கள் எல்லாம் வந்து போயின. போன வாரம் 110 கிலோவை மூன்று முறை தூக்கினேன். முதுகு நேராக இருந்தது, வலி சுழியம். "இன்னும் பத்து கிலோ போடு மச்சான், 120 வந்துடும்" என்றான் நண்பன். அனேகமாக வந்திருக்கும். ஆனால் அன்றைய என் குறிப்பேட்டில் இருந்த எண் 110தான். தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் புதிய எரிவாயுத் தோம்பு நின்றிருந்தது. "வந்துட்டியா? அதை உள்ளே கொண்டு வந்து வைப்பா" என்று அம்மா சமையலறையில் இருந்து குரல் கொடுத்தார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்து, முதுகு வளையாமல் தூக்கினேன்.