மெயில் ஐடி கேட்கும் பக்கம் எவ்வளவு நீளமா இருக்கணும்? ஒரு ஸ்ரீரங்கத்துக் கோலக்காரியின் அனுபவம்!

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் என் தோழிக்குக் கோலம்தான் உலகம். மார்கழி பிறந்தால் விடியற்காலை நாலரை மணிக்கே கோலப்பொடி டப்பாவோடு வாசலில் இருப்பாள். போட்ட கோலங்களைப் படமெடுத்து, நாலு வருஷமாக ஒரு சமூக வலைதளத்தில் பதிவிட்டு வந்தாள். ஃபாலோயர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். போன வருஷம் ஒருநாள் அந்தக் கணக்கு திறக்கவே இல்லை. யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எத்தனை முறை முறையிட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. "அத்தனை பேர் இருந்தாங்கடி. அதுல ஒருத்தரோட மெயில் ஐடிகூட என்கிட்ட இல்ல" என்று புலம்பித் தீர்த்துவிட்டாள்.

அதனால்தான் இந்த முறை மெயில். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புள்ளிக்கோலம், எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்ற விவரத்தோடு இலவசமாக வரும். பிடித்தவர்கள் பின்னால் காசு கட்டி ஆன்லைன் வகுப்பில் சேரலாம். தளம் மூடினாலும் கணக்கு முடங்கினாலும், மெயில் முகவரிப் பட்டியல் அவள் கையில் இருக்கும்.

அந்தப் பட்டியலில் சேர ஒரு பக்கம் வேண்டுமே? தயாரித்து எனக்கு லிங்க் அனுப்பினாள். மொபைலில் திறந்தேன். ஸ்க்ரோல் பண்ணினேன், பண்ணினேன், பண்ணிக்கொண்டே இருந்தேன். பாட்டியிடம் கோலம் கற்ற கதை, அரிசி மாவா கல்மாவா என்ற விவாதம், வாங்கிய பரிசுகள், பத்துப் பதினைந்து படங்கள்... ஒன்பதாவது திரையில்தான் மெயில் ஐடி கேட்கும் கட்டமே வந்தது. அவள் தம்பி இதற்கு நேரெதிர். "ஒரு கட்டம், ஒரு பட்டன். அவ்ளோதான்க்கா வேணும். எவன் இவ்ளோ படிப்பான்?"

யார் சொல்வது சரி? வாசலில் வந்து நிற்பது யார் என்பதைப் பொறுத்தது.

திருச்சிக்காரர்களுக்கு இதை மலைக்கோட்டையை வைத்துச் சொல்வது சுலபம். அவசரமாகக் கடைவீதிக்குப் போகிறவர் அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வெளியூரிலிருந்து முதல்முறை வந்தவர் 400-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி, வழியில் தாயுமானவரைச் சேவித்து, உச்சிப் பிள்ளையாரையும் பார்த்து, காவிரியைப் படமெடுத்துக்கொண்டுதான் இறங்குவார். ரெண்டு பேருக்கும் அங்கே இடமிருக்கு. 'மேலே ஏறினால்தான் கும்பிடலாம்' என்று யாரும் அடிவாரத்தில் மறித்து நிற்பதில்லை. தோழியின் பக்கம் மறித்து நின்றது.

தெரிஞ்சவங்களுக்குக் குட்டி, தெரியாதவங்களுக்கு நீளம்

அவள் பக்கத்துக்கு ரெண்டு வழியாக ஆட்கள் வருவார்கள். முதல் வழி, அம்மாவின் வாட்ஸ்அப் குரூப். உத்திர வீதி, சித்திரை வீதி மாமிகளுக்கு இவளை நடைபழகிய காலத்திலிருந்தே தெரியும். அவர்களிடம் பாட்டி கதை எதற்கு? கட்டத்தைக் காட்டினால் போதும். ரெண்டாவது வழி, விளம்பரம். பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் படும் விளம்பரத்தைத் தொட்டு வருவார். இவள் யார், என்ன அனுப்புவாள், தினமும் அனுப்பி உயிரை எடுப்பாளா, காசு கேட்பாளா என்று எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த நாலு சந்தேகமும் தீரும் அளவுக்குப் பக்கம் நீளமாக இருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, கேட்பது எவ்வளவு என்பது. இலவச மெயிலுக்கு மெயில் ஐடி கேட்பது சின்ன உதவி. வகுப்புக்குப் பணம் கேட்பது பெரிய விஷயம். கிரேஸி எக் என்ற இணையதள ஆய்வுக் கருவியின் விற்பனைப் பக்கத்தை, கன்வர்ஷன் ரேட் எக்ஸ்பர்ட்ஸ் நிறுவனம் ஒருமுறை சுமார் 20 மடங்கு நீளமாக்கிச் சோதித்தது. வாடிக்கையாளராக மாறுகிறவர்களின் விகிதம் 30 சதவிகிதம் கூடியது. இதைக் காட்டித்தான் 'நீளமே நல்லது' என்று பலர் பேசுகிறார்கள். ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் பொருள். வாங்குகிறவருக்கு வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது, அதனால் நீண்டது. வாரம் ஒரு இலவசக் கோலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தோழியின் பாட்டி கதை வீணில்லை. வகுப்புக்கான பக்கத்தில் அது நன்றாகவே உட்காரும்.

எந்தப் பக்கமாக இருந்தாலும் முதல் திரைதான் முக்கியம். நீல்சன் நார்மன் குழுமம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் ஒரு பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் 57 சதவிகிதம் ஸ்க்ரோல் செய்யாமலே தெரியும் பகுதிக்குப் போவதாகத் தெரியவந்தது. முதல் ரெண்டு திரைகளையும் சேர்த்தால் 74 சதவிகிதம். அது கம்ப்யூட்டர் திரையில் செய்த ஆய்வு. மொபைலில் கட்டைவிரல் கொஞ்சம் தாராளமாகவே தள்ளும். இருந்தாலும் ஒன்பதாவது திரை என்பது ரொம்ப ஓவர்.

அதுக்காகத் தம்பி சொன்ன ஒற்றைக் கட்டமும் ஆபத்தில்லாதது அல்ல. என்ன, ஏது என்று தெரியாமல் சேர்ந்தவர், மூணாவது வாரம் மெயில் வந்ததும் 'இது யாரு?' என்று ஸ்பேம் பட்டனை அழுத்துவார். ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, ஸ்பேம் புகார் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. அதாவது 1,000 மெயிலுக்கு 3 பேர். அதற்கு மேல் போனால் ஆசையாகக் காத்திருப்பவரின் இன்பாக்ஸுக்கும் மெயில் போய்ச் சேராமல் போகலாம். அதனால் 'வெள்ளிக்கிழமை ஒரு கோலம் வரும், வேண்டாமென்றால் ஒரு தட்டில் நிறுத்தலாம்' என்ற ரெண்டு வரி, கட்டத்துக்கு மேலேயே இருக்கணும்.

உங்க இனிஷியல் ரொம்பச் சின்னதா இருக்கே!

பக்கத்தின் நீளம் வேறு, ஃபார்மின் நீளம் வேறு. இந்த ரெண்டையும் நாம குழப்பிக்கிறோம். படிக்கப் பத்துப் பத்தி இருந்தால் வேண்டியதைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போகலாம். நிரப்பப் பத்துக் கட்டம் இருந்தால் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. தோழியின் ஃபார்மில் முதல் பெயர், கடைசிப் பெயர், போன் நம்பர், ஊர், பிறந்த தேதி, மெயில் என ஆறு கட்டங்கள் இருந்தன.

இந்தக் 'கடைசிப் பெயர்' சமாசாரம் தமிழர்களுக்கு ஒரு தனிச் சோதனை. நமக்கு இருப்பது ஓர் இனிஷியல். அதைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்று சிவப்பில் திட்டு விழும். சரியென்று அப்பா பெயரைப் போட்டால், அப்புறம் வரும் மெயிலெல்லாம் அப்பாவையே விசாரிக்கும். எனக்கு மாசாமாசம் வரும் ஒரு மெயில், 'அன்புள்ள' என்று போட்டு என் அப்பாவுக்குப் புடவை தள்ளுபடி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு கட்டம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு எக்ஸ்பீடியா கதை பிரபலம். பயண முன்பதிவுத் தளமான அதில், பணம் கட்டும் பக்கத்தில் 'நிறுவனம்' என்று கட்டாயமில்லாத ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்துக் குழம்பிய சிலர் தங்கள் வங்கியின் பெயரை எழுதினார்கள். அதே வேகத்தில் முகவரிக் கட்டத்தில் வங்கி முகவரியை எழுதினார்கள். கார்டு முகவரி பொருந்தாமல் பணப் பரிமாற்றம் தோல்வி. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் கூடுதல் லாபம் வந்ததாக 2010-ல் செய்தி வெளியானது.

'ஐ.ஆர்.சி.டி.சி-யில் அத்தனையும் நிரப்புறோமே?' என்று கேட்கலாம். நிரப்புவோம். 2025 ஜூலை 1 முதல் அங்கே தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பும் கேட்கிறார்கள், அதையும் செய்கிறோம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் பெர்த் வேண்டும், வேறு வழியில்லை. கோலத்துக்கு ஆயிரம் வழி இருக்கு.

சட்டமும் இப்போது குட்டி ஃபார்ம் பக்கம்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 சொல்வது இதுதான்: எந்தச் சேவைக்காகச் சம்மதம் வாங்குகிறீர்களோ, அதற்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அந்தச் சம்மதம் செல்லும். டெலிமெடிசின் ஆப் ஒன்று போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்பதைச் சட்டமே உதாரணமாகக் காட்டி, அது தேவையில்லாதது என்கிறது. சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கணும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேணும். என்ன தகவல், எதற்கு என்ற அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தரணும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. கோலம் அனுப்பப் பிறந்த தேதி எதற்கு? "பர்த்டே விஷ் பண்ணலாம்னு நெனச்சேன்டி" என்றாள். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

எது ஜெயிக்கும்னு நமக்குத் தெரியாது

2007 இறுதியில் பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு, தங்கள் பதிவுப் பக்கத்தை 24 விதமாக மாற்றிப் போட்டுச் சோதித்தது. குழுவில் பலருக்கும் வீடியோதான் பிடித்திருந்தது. ஆனால் வீடியோக்கள் எல்லாமே தோற்று, ஒபாமாவின் குடும்பப் படமும், 'மேலும் அறிய' என்ற பட்டனும் ஜெயித்தன. பதிவு செய்தவர்களின் விகிதம் 8.26-லிருந்து 11.6 சதவிகிதமாக ஏறியது. அவர்களின் சோதனையில் 3 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். தோழியின் பக்கத்துக்கு அப்படியா வரும்? நீளப் பக்கம் பார்த்த 50 பேரில் 5 பேர், குட்டிப் பக்கம் பார்த்த 50 பேரில் 8 பேர் சேர்ந்தால், குட்டிதான் வென்றது என்று குதிக்கக் கூடாது. அடுத்த வாரமே அது தலைகீழாகலாம். அவளை மாதிரி சின்ன அளவில் ஆரம்பிப்பவர்களுக்கு, நாலு பேரிடம் போனைக் கொடுத்து 'இதுல சேருங்க' என்று சொல்லிவிட்டு, பேசாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது அதைவிட உருப்படியான சோதனை.

அதைத்தான் செய்தோம். இப்போது ரெண்டு பக்கங்கள் இருக்கு. வாட்ஸ்அப்பில் போவது ஒரே திரை: ஒரு கோலப் படம், ரெண்டு வரி, ஒரு கட்டம். விளம்பரத்தில் வருகிறவர்களுக்கு மூணு திரை: மேலேயும் கீழேயும் கட்டம், நடுவில் பாட்டி கதை நாலே வரியில், கூடவே போன வாரம் அனுப்பிய மெயில் ஒன்று அப்படியே. என்ன வரும் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட, வந்ததையே காட்டுவது எவ்வளவோ மேல்.

முதலில் போனைக் கையில் வாங்கியது அவள் அம்மா. கட்டத்தைத் தொட்டதும் வந்த கீபோர்டில் '@' இல்லை. அதைத் தேடியே அரை நிமிஷம் போனது. மெயிலுக்கான கட்டம் என்று வடிவமைப்பில் குறிப்பிட்டிருந்தால் அந்தக் குறி முன்னாலேயே வந்திருக்கும். அடுத்து பட்டன். 'இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்' என்ற தமிழ், அந்தச் சின்னத் திரையில் அடங்காமல் மூணு வரியாக உடைந்து, கடைசி வரி பாதி மறைந்திருந்தது. ஆங்கிலத்தில் அளவெடுத்துத் தைத்த பட்டனில் தமிழைத் திணித்தால் இப்படித்தான்.

"இதுல 'கோலம் அனுப்பு'ன்னு போட்டா போதாதாடி?" என்றார் அம்மா.

இப்போது பட்டனில் அதுதான் இருக்கிறது.