பத்து ரூபாயில் ஓர் அரசுக் கோப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, கரண்ட் பில் கட்டியாயிற்று, இனி இதில் வேறென்ன செய்யலாம்? லஞ்சம் கொடுக்காமல் ஒரு வேலையை முடித்துக்கொள்ள இது உதவும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மனுவை வீட்டிலிருந்தே எப்படி அனுப்புவது, அதைவிட முக்கியமாக அதில் என்ன எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன முன்கதை. இந்தச் சட்டத்திற்கான போராட்டம் ராஜஸ்தான் கிராமங்களில் வேகம் பிடித்தது. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த அருணா ராயும் அவருடைய நண்பர்களும் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசுப் பணிகளில் வேலை செய்தவர்களுக்கு முழுக் கூலி வரவில்லை. கேட்டால், கணக்குப்படி கொடுத்தாயிற்று என்பார்கள். சரி, அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள் இவர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. இத்தகைய விசாரணைகளில் மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேட்டை, ஊர் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். இறந்து போனவர்கள் கூலி வாங்கியதாகவும், கட்டாத கட்டடங்கள் கட்டி முடிந்ததாகவும் எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, ஆவணங்களின் நகல்!

தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை. 1997-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம்முடையதுதான். ஆனால் அதில் விதிவிலக்குகள் மிக அதிகம். அதனால் மக்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்

நான் சாஃப்ட்வேர் எழுதுபவன். ஒரு புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று அதை எழுதியவரிடம் கேட்டுப் பயனில்லை. 'என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பார். நாங்கள் லாக் ஃபைலைத்தான் திறப்போம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். அரசு அலுவலகத்தின் லாக் ஃபைல், கோப்பில் உள்ள குறிப்புப் பக்கங்கள்தான்.

இந்தச் சட்டத்தின்படி, அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் பெற முடியும். இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் சொல்லிவிட்டது. ஆகவே 'எங்கள் தெரு ரோடு ஏன் இவ்வளவு மோசம்?' என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் பதில் வரும். அதற்குப் பதிலாக அந்த ரோட்டின் மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் எனப்படும் அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். எம் புக்கில் எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருக்கும். உங்கள் தெருவில் ஒரு ஸ்கேலை வைத்தால் போதும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 'கவனித்தால்' நகரும் என்று ஜாடையாகச் சொன்னார்களாம். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல ஏதாவது செய்யேன்" என்று வந்தார். இரண்டே விஷயம் கேட்டு மனு போட்டோம். விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது என்ற விவரம், அந்தக் குறிப்புப் பக்கங்களின் நகல். லஞ்சம் என்ற சொல்லையே எழுதவில்லை. மூன்றாவது வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. நகல் பிறகுதான் வந்தது. எட்டு மாதம் தன் மேசையில் இருந்ததாகத் தன் கையாலேயே எழுதித் தர யாருக்குத்தான் மனம் வரும்?

எந்த வெப்சைட்?

நெய்வேலிக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். டவுன்ஷிப்புக்குள் எந்த வட்டத்தில் இருந்தாலும் ரோடு, தண்ணீர், குவார்ட்டர்ஸ் எல்லாம் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் பொறுப்பு. அது மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம். ஆகவே மத்திய அரசின் ஆர்.டி.ஐ. ஆன்லைன் வெப்சைட்டில் மனு போட வேண்டும். ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர் பக்கமோ, மந்தாரக்குப்பத்திலோ வீடு என்றால் உங்கள் உள்ளாட்சி அமைப்பு மாநில அரசைச் சேர்ந்தது. தமிழ்நாடு அரசுக்குத் தனி வெப்சைட் உண்டு. மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் மத்திய, மாநில வெப்சைட்டுகளை மாற்றிப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

கூகுளில் தேடும்போது, மனு எழுதித் தர நூற்றுக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் வெப்சைட்டுகளும் வந்து நிற்கும். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மத்திய அரசு வெப்சைட்டில் மனுவுக்கான பெட்டியில் 3000 எழுத்துகள் வரை டைப் செய்யலாம். தமிழில் எழுத விரும்புபவர்கள் யூனிகோடு எழுத்துருவில் டைப் செய்து, பி.டி.எஃப். ஆக மாற்றி இணைப்பது நல்லது. ஃபைலின் பெயரில் இடைவெளி விடாதீர்கள், ஏற்காது. கட்டணம் 10 ரூபாய். நெட் பேங்கிங்கிலோ கார்டிலோ கட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களும் கேட்கக்கூடாது. நகலுக்குப் பக்கத்திற்கு 2 ரூபாய். மத்திய அரசின் 2012 விதிகளில் ஃபிளாப்பியில் தகவல் வாங்க 50 ரூபாய் என்று இருக்கிறது. வீட்டில் ஃபிளாப்பி டிரைவ் வைத்திருப்பவர்கள் முயற்சி செய்யலாம்!

மாநில அலுவலகம் என்றால் மனுவை பிரிண்ட் எடுத்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலிலும் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் இப்போது ஸ்பீடு போஸ்ட்தான்.

எல்லாம் கிடைத்துவிடாது. நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம், மற்றவர்களின் சொந்த விவரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சொந்த விவரத்திற்கான விலக்கை 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவாக்கியது. என்னைக் கேட்டால், இது சரியான திசையில் வைத்த அடி அல்ல. மஸ்டர் ரோலில் இருந்ததும் பெயர்கள்தானே?

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். குஜராத்தில் சட்டவிரோதச் சுரங்கங்களுக்கு எதிராகத் தகவல் கேட்டுப் போராடிய அமித் ஜெத்வா 2010 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகள் பற்றிப் புகார் செய்துவந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்கானது. உங்கள் விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பதில் இந்த அளவுக்குப் பயமில்லை. மணல், கல், பெரிய டெண்டர் என்று போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஊரில் நான்கைந்து பேர் அதே மனுவைத் தனித்தனியாக அனுப்புங்கள். வீட்டு முகவரிக்குப் பதிலாகத் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் கூறியிருக்கிறது.

பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லி, மாநில அலுவலகம் என்றால் சென்னை. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் மனு அனுப்பியதும் கிடைக்கும் பதிவு எண்ணை ஸ்கிரீன் பிரிண்ட் எடுத்து, மனுவோடு ஒரே ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள். 31-வது நாளுக்குக் காலண்டரில் இன்றே ஒரு ரிமைண்டர் வையுங்கள்.